ஆத்தா, அந்தப் படத்துல கை வைக்காத

ஆத்தா, போன்ல சொன்னா பாதில "சரிப்பா சரிப்பா"ன்டு வச்சுருவ, அதான் டைப் பண்றேன், எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணிப் படிச்சுக்க. விருதுக்கு கடைசி லிஸ்ட்ல நீ எடுத்த குறும்படம் வந்துருச்சுன்டு கேட்டதும் உங்கம்மா தெருவுக்கே சொல்லிட்டா, அது ஒரு பக்கம் இருக்கட்டும். கூடப் போட்டில இருக்குற படமெல்லாம் அழுகப் படமா இருக்கு, நம்மது மட்டுந்தான் சிரிப்பு, அதனால கடைசில அந்தப் பயல கடல்ல காணாம அடிச்சு வேற காப்பி குடுத்துரலாமான்டு எவனோ உனக்கு யோசன சொல்லி நீயும் ரெண்டு நாளா தூங்காம கெடக்க பாரு, அது வேணாம்.

உன் கதை என்ன? ஐஸ் கம்பெனில வேல பாக்குற பய, கடல்பாசி வளக்குற புள்ள. இவன் போயி விரும்புறேன்டு சொல்ல, அது இடுப்பளவு தண்ணில நின்டுக்கிட்டு திரும்பிக்கூடப் பாக்காம "இன்னைக்குத்தான் கயித்துல பாசி கட்டிருக்கேன், 45 நாள் கழிச்சு அறுக்கையில வா, நல்லா வந்திருந்தா பதில் சொல்றேன்"ங்குது. அம்புட்டுத்தான் கதை. அந்தப் பய அன்னைல இருந்து விடிஞ்சா கண்ணாடிய மாட்டிக்கிட்டு பாசி கட்டுன மூங்கில் மிதவைக்கு அடில முங்கி பாசிய மேய வர்ற ஓரா மீன வெரட்டுறான், அடில வல கட்டிருக்கேன்டு அந்தப் புள்ள சொல்லியும் நம்ப மாட்டேங்குறான், வெயில் ஏறுனா பாசி வெளுத்து உதிர்ந்துரும்ன்டு யாரோ சொன்னத கேட்டு ஐஸ் பார உடச்சு கொண்டாந்து கடல்ல கொட்டுறான் பாரு, அந்த எடத்துல நான் சிரிச்ச சிரிப்புல பொர ஏறிருச்சு. கடலுக்கே ஐஸ் வச்ச பய அவன் ஒருத்தன்தான்.

தனுஷ்கோடிக்கு அங்கிட்டு கடைசில இருக்குற அரிச்சல்முனைல எடுத்த சீனும் அப்படித்தான். அங்கிட்டு போனா போன் இலங்கை டவர பிடிச்சுக்கிட்டு வெல்கம் மெசேஜ் அனுப்புறது நமக்கெல்லாம் பழக்கம், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அந்தப் புள்ள போன்ல "ம்..."ன்டு இழுக்கையில பேலன்ஸ் தீந்து லைன் கட்டாகுது பாரு, அது "ம்" சரியா "ம்ஹும்" மா தெரியாம பய அந்த முனைல நின்டு ரெண்டு கடலையும் மாறி மாறிப் பாக்குறான். டயலாக்கே இல்ல. அத எழுத எங்க கத்துக்கிட்ட நீ?

ஒன்னே ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்காத. அந்தப் பயலக் காட்டும்போது தண்ணி வட்டில்ல ஊத்துன மாதிரி கெடக்கு, அது தீவுக்கு வடக்க இருக்குற வடகடல். அதே பேச்சுல அந்தப் புள்ளயக் காட்டும்போது பின்னாடி அல தூக்கி அடிக்குது, அது தெக்க இருக்குற தென்கடல். மே மாசக் காத்துல ரெண்டும் ஒன்னா இருக்குமா? ஜட்ஜுக்குத் தெரியாது, பாம்பன்ல போட்டுக் காட்டுனா பயலுக கத்துவாய்ங்க. மீன்பிடி தடக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் கட்டிக் கெடந்ததாலதான உனக்கு அம்புட்டு பேரு ஓசில நடிக்க வந்தாய்ங்க, அதனால கத்துனா கேட்டுக்க.

இப்ப அழுகப் படத்துக்கு வர்றேன். இங்கிட்டு கேமராவோட வர்றவய்ங்க எதுக்கு வர்றாய்ங்க? 1964 புயல்ல போன தனுஷ்கோடில அந்தச் சர்ச்சு செவத்த எடுக்க, இலங்கை நேவி போட்ட பிடிச்சுட்டாய்ங்கன்னா அழுகுற பொம்பளைக மூஞ்சிய எடுக்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் தெறந்ததுல இருந்து அது தூக்குறத எடுக்க. தப்புன்டு சொல்லல, நடந்தது நடந்ததுதான். ஆனா இத்தன வருசத்துல எங்க ஊர் ஆளுக பேசிச் சிரிக்கிறத எவன் எடுத்தான்? இந்தப் பாசிய பெப்சி கம்பெனி கொண்டாந்ததால பெப்சி பாசிங்குறோம், அதுக்கு ஒரு கெழவி "கோக்கு பாசி எப்ப வரும்"ங்குதே, அதெல்லாம் நம்ம கரைல தெனம் பேசுற பேச்சு. அத நீதான் எடுத்துருக்க.

உன் பெரியப்பன கடல் கொண்டு போனது உனக்குத் தெரியும், நீ அப்ப கைக்கொழந்த. இன்னைக்கும் அவன் பேச்ச எடுத்தா இந்த வீட்ல என்ன பேசுறோம்? கல்யாணத்தன்னைக்கு வெள்ளன நண்டு வலைய எடுத்துட்டு வந்துர்றேன்டு போயி, முகூர்த்தத்துக்கு ஈரக் கைலியோட வந்து நின்டானே, அதத்தான் பேசுறோம். உன் பெரியம்மாவும் சேந்துதான் சிரிக்கும். ஒருத்தன சாகடிச்சாத்தான் படத்துக்கு கனம் வரும்ன்டு சொன்னவன் ஒரு எழவு வீட்லயாவது முழுசா உக்காந்திருப்பானான்டு தெரியல.

காமெடிக்கு விருது குடுக்க மாட்டாய்ங்கன்டு சொன்னில்ல, அத உன் தம்பிகிட்ட சொன்னேன், அவன் போன்ல தேடி எடுத்துக் காட்டுனான். ஆஸ்கர்ல குறும்படத்துக்கு மொதமொதல்ல பரிசு குடுத்தது 1932ல, அப்ப காமெடிக்குன்டே தனியா ஒன்னு வச்சிருக்காய்ங்க, ஜெயிச்சது லாரல் ஹார்டி படம், ரெண்டு பேரு ஒரு பியானோவ படிக்கட்டுல ஏத்த முடியாம படுற பாடு. அம்புட்டுத்தான் அதுக்கும் கதை. நம்ம ஊர்ல பாலாஜி மோகன் குறும்படமா எடுத்த காதல் காமெடிதான 2012ல சித்தார்த் அமலா பால வச்சு பெரிய படமாச்சு, இத எனக்குச் சொன்னதே நீதான், காலேஜ் படிக்கையில.

உன் முடிவு நல்ல முடிவுத்தா. 45வது நாள் பாசிய தராசுல போட்டுப் பாத்துட்டு "பாதிதான் வந்திருக்கு, அப்ப பாதி சம்மதம், மிச்சத்துக்கு அடுத்த அறுப்புக்கு வா"ன்டு சொல்லிட்டு அந்தப் புள்ள திரும்ப கயித்துல பாசி கட்ட ஆரம்பிக்குது, இவன் பேசாம கண்ணாடிய எடுத்து மாட்டுறான். அதுக்கு மேல ஒரு நிமிசங்கூட வேணாம்.

விழாவுக்கு நானும் அம்மாவும் சேது எக்ஸ்பிரஸ்ல வர்றோம், தேதி மட்டும் சொல்லு. அம்மா கருவாடு கட்டி வச்சிருக்கா, ஹாஸ்டல்ல நாறும்ன்டு சொல்லாத. அப்பறம் ஷூட்டிங்ல உங்க ஆளுக ஏறி நின்டு மூங்கில ஒடச்ச மிதவை உன் சித்தியோடது, 12க்கு 12 அடி முழு மிதவை, ஒரு அறுப்பே போச்சு. அது வாயத் தெறந்து கேக்க மாட்டேங்குது. விருது வந்தாலும் வராட்டியும் அந்தக் காச மொதல்ல அனுப்பி விடு.

அப்பா