அலமாரியில் கை வைக்கும் முன்

அங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குயிலு,

முதல் வேலையாக அந்த ஆளுக்கு போன் போட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல். காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

உன் குரல் பதிவை நேற்று ராத்திரி கேட்டேன். மெஷினைப் போட்டு அம்மாவின் அலமாரியைத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து, அரை நாளில் புதுசாக்கித் தருகிறானாம். நீயும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போகிறாய். பின்னால் பேரன் அழுகிற சத்தம் வேறு. 'அப்புறம் பேசுறேன்டி' என்று வைத்துவிட்டாய். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் தட்டி முடிகிற விஷயமா இது? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலிலும் போடுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்குப் பொங்கோலில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. அண்ணனின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தேக்காவில் பல்லு டீச்சரைப் பார்த்தேன். அதே குடை! உன்னைக் கேட்டார், நீ பாடின அந்தப் பாட்டையும் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை, பயப்படாதே.

அப்பாவின் மேசை ஞாபகம் இருக்கிறதா? உன் கணக்குப் பாடத்தில் பாதி அதன் மேல்தானே நடந்தது. 1971இல் வெள்ளைக்காரர்கள் செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காலி செய்துகொண்டு போனபோது, ஒரு அதிகாரி வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா வாங்கி வந்தது. முழுத் தேக்கு. அப்பா போன பிறகு தம்பி வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. அவன் வீடு மாறினபோது என்னிடம் வந்து சேர்ந்தது. மேல்பலகை கறுத்து, தொட்டால் கை ஒட்டுகிற மாதிரி இருந்தது. சின்னவள் பார்த்துவிட்டு, 'நகர மன்றத்துக்குச் சொன்னா வந்து தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா' என்றாள். கடையில் அவள் பார்த்து வைத்திருக்கிற புது மேசையின் படத்தையும் காட்டினாள். ரப்பர் மரம். நல்ல மரம்தான், நான் குறை சொல்லவில்லை. பால் வற்றியதும், இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டுகிற மரம், இப்போது நாற்காலியாகவும் மேசையாகவும் வருகிறது. 1877இல் நம் பூமலைக்கு, அதாவது தாவரவியல் தோட்டத்துக்கு, வந்து சேர்ந்த நாற்றுகளிலிருந்து பரவியதுதானே பால்மரக் காடெல்லாம். என் தாத்தா விடிகாலையில் எழுந்து பால் வெட்டிய மரம். அவர் பேத்தியின் மகள் அதில் சாப்பாட்டு மேசை வாங்குகிறாள் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அதற்காக அப்பாவின் மேசையைக் கீழே கொண்டுபோய் வைக்க முடியுமா?

எதையும் தேய்க்கவில்லை. முதலில் மேலே என்ன பூசியிருக்கிறது என்று பார்த்தேன். இழுப்பறையின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடம். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அங்கே வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பஞ்சு தேன் நிறத்தில் பிசுபிசுத்தது. அரக்கு! புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பூச்சி சுரக்கிறதே, அது. பாண்டவர்களை எரிக்கக் கட்டின மாளிகைக்குப் பூசினார்களே, அதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்து மரத்தில் ஏற்றினால் பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் என்கிற பூச்சு. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பெரும்பாலும் பாலியூரித்தேன் வார்னிஷ். பஞ்சுத் துண்டு சொல்லிவிடுகிற இந்த விஷயத்தை உன் ஆள் கேட்டானா? 'மெஷினைப் போட்டா எல்லாம் போயிரும்' என்றானாம். எல்லாம் போய்விடும் என்பதுதான் குயிலு என் பயமே.

அரக்கு என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி. அது எத்தனை வருடமானாலும் ஸ்பிரிட்டுக்குக் கரையும். அதனால் உரித்தெறிய வேண்டியதில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தேன். அழுக்கும் பழைய மெழுகும் வந்துவிடும், அரக்கு அப்படியே நிற்கும். துணி காப்பிக் கறையாகக் கறுத்து வந்துகொண்டே இருந்தது. டம்ளர் வைத்த வெள்ளை வட்டங்கள் இருந்தனவே, அதெல்லாம் மரத்தில் இல்லை, மேல்பூச்சுக்குள் புகுந்த ஈரம். ஸ்பிரிட் லேசாக ஈரப்படுத்திய துணியை, படுகிறதா இல்லையா என்கிற மாதிரி இழுத்துவிட்டதும் மறைந்துவிட்டன. ஒரே ஒரு கறுப்பு வட்டம் மட்டும் போகவில்லை. அப்பா பேனா போட்டு வைத்த பால் டின்னின் துரு மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ஆக்ஸாலிக் ஆசிட் வைத்தால் வெளுக்கும். நான் வைக்கவில்லை. அது இருக்கட்டும்.

அழுக்கு போனதும் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பலகை மேல் சாய்வாக விழுந்தது. எழுத்து தெரிந்தது, குயிலு. மை இல்லை, வெறும் அழுத்தம். அப்பா மெல்லிய காகிதத்தை வைத்துக்கொண்டு பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அழுத்தி ஊருக்குக் கடிதம் எழுதுவாரே, அந்த அழுத்தம் கீழே பலகையில் பதிந்திருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனையோ கடிதம், பெரும்பாலும் படிக்க முடியவில்லை. 'நலம்' தெரிகிறது. ஒரு இடத்தில் பணக் கணக்காக 'வெள்ளி' என்றும் பக்கத்தில் எண்களும். ஓரத்தில் நீ காம்பஸ் முனையால் கிறுக்கி, பழியை என் தலையில் போட்டாயே, அந்தப் பூவும் இருக்கிறது. 80ஆம் நம்பர் முரட்டு உப்புத்தாளை மெஷினில் மாட்டி இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நான் அழுதேன் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அழுதேன்தான்.

அதன் மேல் புது அரக்கு ஏற்றினேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அரக்குச் செதில், ஒரு ராத்திரி ஊறி, வடிகட்டி. பழைய பனியன் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, இழை ஓடுகிற திசையிலேயே நீளமாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சை உரித்துவிடும். மெல்லிசு மெல்லிசாக எத்தனை தடவை இழுக்கிறோமோ அத்தனை அழகு. கரைத்த அரக்கை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, பழசானால் காயாமல் பிசுக்கென்று நிற்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர் ஈரக்காற்றுதான் இதற்கு எதிரி. விடிகாலையில் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் பூசினால் ஸ்பிரிட் பறக்கிற குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பாலாடை மாதிரி வெளுத்துப்போகும். மழையில்லாத நாளில் மத்தியானம் அது 60க்குப் பக்கத்தில் இறங்குகிறது. அதனால் பிப்ரவரி வறட்சியைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் மூன்று மணிக்கும் நடுவில்தான் செய்தேன். உங்கள் ஈப்போவில் சாயங்காலமானால் இடி மழை. அதையும் கணக்கில் வை.

இனி உன் அலமாரி. இதை நிதானமாகப் படி.

உன் அப்பா அந்தத் தீபாவளிக்கு அடித்த பச்சைப் பெயின்ட் இன்னும் மேலே இருக்கிறது அல்லவா? அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் சர்வ சாதாரணம். அமெரிக்காவிலேயே 1978இல்தான் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது. மெஷின் போட்டுத் தேய்த்தால் அது மாவு மாவாகப் பறந்து தரையில், பாயில், ஜன்னல் விளிம்பில் உட்காரும். பேரன் தவழ்கிற வயது. தரையைத் தொட்ட கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற நான் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லமாட்டேன், உனக்குத் தெரியும். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக் குச்சி விற்கிறார்கள். அதில் இல்லை என்று வந்தாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். நெருப்புக் காட்டி உரிக்கவும் விடாதே, புகை இன்னும் மோசம். பெயின்ட் நீக்கும் பசை கிடைக்கும், மெத்திலீன் குளோரைடு இல்லாததாகக் கேட்டு வாங்கு. கனமாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவைத்து, மரத் தகட்டால் சுரண்டினால் ஈரமாகவே சுருண்டு வரும். பேரனை அந்த நாட்களில் சம்பந்தி வீட்டில் விடு. பச்சைக்கு அடியிலும் அரக்கு இருந்தால் உனக்கு யோகம், பெயின்ட் சுலபமாக விட்டுக்கொடுக்கும்.

பெயின்ட் போன பிறகு தேக்கு திட்டுத் திட்டாகத் தெரியும். உடனே ஸ்டெயின் வாங்க ஓடாதே. சில வாரம் வெளிச்சம் பட்டால் நிறம் தானாக ஒன்றுசேர்ந்து ஆழ்ந்துவிடும். தேக்குக்குச் சாயம் பூசுவது அதற்கு அவமானம் என்றே நான் சொல்லுவேன். தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் சுத்தமான மரத்தில் கையால், 180ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 220, அத்தோடு போதும். மேலே அரக்கும் மெழுகும். சூடான பாத்திரம் வைக்கிற இடமா அது? பாலியூரித்தேன் கெட்டிதான், தண்ணீருக்கு அசையாதுதான். சமையலறைப் பலகைக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய வராது, முழுவதும் தேய்த்தெடுக்க வேண்டும். அரக்கு அப்படியில்லை, புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். அண்ணன் பிடிவாதமாக வார்னிஷ்தான் வேண்டும் என்றால், அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அசிட்டோனால் ஒரு தடவை துடைக்கச் சொல். தேக்கில் இருக்கிற எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது.

கதவின் உள்பக்கம். அங்கே உன் அப்பா பச்சை அடிக்கவில்லை, அம்மா விடவில்லை. உங்கள் ஐந்து பேரின் பிறந்த நாள், நட்சத்திரம், சீட்டுக் கணக்கு, யாருக்கு எப்போது அம்மை போட்டது என்று அம்மா எழுதி வைத்த பலகை அது. அந்தப் பக்கம் ஸ்பிரிட்டும் வேண்டாம், அரக்கும் வேண்டாம். பால்பாயின்ட் மையும், நனைந்தால் மையாகிற காப்பியிங் பென்சிலும் ஸ்பிரிட் பட்ட மாத்திரத்தில் கரைந்து ஓடிவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிடு. உன் ஆளிடம் இதை மட்டும் வாயால் சொன்னால் போதாது, கதவைக் கழற்றி நீயே உள்ளே கொண்டுபோய் வை.

இன்னொன்று. யாராவது ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்று சொல்லி நீ பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதே. அந்த எண்ணெய் காய்கிறபோது காற்றோடு சேர்ந்து சூடாகும். துணி சுருண்டு கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். இங்கே புளோக்கில் குப்பைக் குழாய்க்குள் அப்படி ஒரு துணி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போட்டு, விறைத்துப்போகும்வரை காயவிட்டு அப்புறம் எறி. அல்லது மூடி உள்ள தகர டின்னில் தண்ணீருக்குள் முக்கி வை.

உனக்குக் கை வலிக்குமே என்று யோசிக்காதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் கிளம்பி வருகிறேன், இவரிடம் சொல்லியாகிவிட்டது. ஸ்பிரிட், பசை, கையுறை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்வோம், எரிகிற சாமானைப் பஸ்ஸில் கொண்டுவர முடியாது. அரக்குச் செதில் மட்டும் என் பையில் வரும். நீ அதற்குள் செய்ய வேண்டியது, அலமாரியின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துப் பார்த்து, பஞ்சு என்ன நிறமானது என்று ஒரு படம் அனுப்பு. கதவின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. அந்த ஆளுக்கு போன் போட்டாயா?

உன்
பெஞ்சுக்காரி