பத்தாம் வகுப்போடு பந்தைப் பிடுங்காதீர்கள்

மதுரை மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பரங்குன்றம் பக்கத்தில் மாலை வேளைகளில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் என்று எல்லா இடத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஏழாம் வகுப்பில் கூட்டமாக வருவார்கள். எட்டாம் வகுப்பில் ஆட்டம் பிடிபட ஆரம்பிக்கும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஸ்கூல்ல வேணாம்னு சொல்லிட்டாங்க அக்கா. அடுத்த வருஷம் டென்த்ல." அந்த வருஷத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு வருஷம் விட்டால் என்ன ஆகிவிடும், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஆடட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல எண்ணத்தில்தான் நினைப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாட்டுக்காகக் கோல் அடித்துக் குவித்த பெண்கள் எந்த வயதில் தொடங்கினார்கள் என்று கொஞ்சம் பாருங்கள்.

கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் நாட்டுக்காக 190 கோல் அடித்தவர். ஆணோ பெண்ணோ, சர்வதேச ஆட்டங்களில் இத்தனை கோல் அடித்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அவர் முதன்முதலில் கனடா சட்டையைப் போட்டது 2000 மார்ச்சில், போர்ச்சுகலில் நடந்த அல்கார்வே கோப்பையில். அப்போது அவருக்கு வயது 16. நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. அங்கிருந்து 2023 டிசம்பர் வரை 331 ஆட்டங்கள். ஐந்து உலகக் கோப்பைகளில் கோல், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல் நீண்ட இந்த ஆட்டத்தின் முதல் அடி, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே விழுந்திருக்கிறது.

தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் பிறந்த பாலா தேவி இந்திய மகளிர் அணிக்கு அதிக கோல் அடித்தவர். இந்திய அணிக்கு ஆட வந்தபோது அவருக்கு வயது 15. சரியாகப் பத்தாம் வகுப்பு வயது! நம் ஊரில் பிறந்திருந்தால் அந்த வருஷம் காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் பி.டி. பீரியடில் கணக்கு என்று உட்கார வைத்திருப்போம். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே கோலும் அடித்தார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இது உங்கள் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குப் பெரிய கவலை. 2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ். அந்த அணியின் முன்வரிசையில் பாலா தேவி. அந்த லீக்கில் மட்டும் 26 கோல் அடித்து வந்திருந்தார். எதிர்ப்பக்கம் நம் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அந்தப் பருவத்தில் சேதுவுக்காக ஆட வந்திருந்தவர் சபித்ரா பண்டாரி. நேபாளத்தின் லம்ஜுங் மலை மாவட்டத்துக்காரர். அவர்கள் ஊரில் செல்லமாக 'சம்பா' என்பார்கள். நேபாளப் பெண்கள் அணிக்கு அதிக கோல் அடித்தவர் அவர்தான். சேது அணியினர் 3-1 என்று ஜெயித்து, இந்தியாவின் மகளிர் லீக் பட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு நாடுகளின் சாதனை ஸ்ட்ரைக்கர்கள் மோதிய லீக்கில், அதில் ஒருவர் மதுரை அணியின் சட்டையைப் போட்டு ஆடியிருக்கிறார். நான் பள்ளிகளுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் இதைக் கேட்பேன். மெஸ்ஸி தெரியும், ரொனால்டோ தெரியும். சபித்ராவை ஒரு பிள்ளைக்கும் தெரிவதில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, யார் சொன்னார்கள் அவர்களுக்கு?

சபித்ரா அப்புறம் கோகுலம் கேரளா அணிக்குப் போய், 2022-23 லீக்கில் 29 கோல் அடித்தார். இஸ்ரேலுக்குப் போனார். 2024 தொடக்கத்தில் பிரான்சின் கங்காம்ப் அணியில் சேர்ந்து, அந்த நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடினார்.   அதே ஆண்டு அக்டோபரில் காத்மாண்டுவில் தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் நின்றார். எதிரணி நம் இந்தியா. நேபாளத்தின் ஒரு கோல் செல்லாது என்றதால் தகராறு வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றுபோனது. மறுபடி தொடங்கியதும் சமன் செய்யும் கோலை அடித்தவர் சபித்ராதான். பெனால்டியில் இந்தியா தோற்றது. இந்திய ரசிகையாக எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவ்வளவு நேரம் காத்திருந்து, உடம்பு ஆறிப்போன பிறகு, கிடைத்த வாய்ப்பை அப்படி முடிக்க ஒருத்தியால் முடிகிறதே என்று அன்றைக்கு வியந்துபோனேன்.

அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். கோல் அடிப்பது என்றால் பலமாக உதைப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஸ்ட்ரைக்கரின் வேலையில் முக்கால்வாசி பந்து வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். எங்களிடம் ஒரு பிள்ளை இருந்தாள். பந்து அவளை நோக்கிக் கிளம்பும்போது ஒருமுறை இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பாள். பந்து பாதி வழியில் இருக்கும்போது இன்னொரு முறை. தன்னைத் தடுக்க வருகிற டிஃபெண்டர் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறாள் என்று அதற்குள் தெரிந்துவிடும். பந்து காலுக்கு வந்ததும் நிறுத்த மாட்டாள். வலது காலின் வெளிப்பக்கத்தால் லேசாகத் தொட்டு, டிஃபெண்டர் இல்லாத பக்கம் நகர்த்திவிடுவாள். அடுத்த தொடுகை கோல். இதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. 13 வயதில் சொல்லிக்கொடுத்தால் 14-இல் யோசித்துச் செய்வார்கள், 16-இல் யோசிக்காமல் செய்வார்கள். அந்த 'யோசிக்காமல்' வருகிற வயதில்தான் நாம் பிள்ளையைக் களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகிறோம்.

அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இனி விளையாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதியே வாங்கிக்கொண்டது பள்ளி. எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சண்டை போட இதை எழுதவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள். அதே வேகம் இருந்தது, ஆசை முன்பைவிட அதிகமாகவே இருந்தது. பந்து மட்டும் காலில் நிற்கவில்லை. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க மறந்திருந்தாள். பார்க்கச் சொன்னால் பார்ப்பதற்குள் பந்து வந்துவிட்டது. கொஞ்ச நாள் வந்துவிட்டு அவளாகவே நின்றுகொண்டாள்.

இன்னொரு விஷயம், இது உடம்பு சம்பந்தப்பட்டது. வளரும் பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் அறுகிற ஆபத்து பையன்களைவிட அதிகம். இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் மாறிக்கொண்டிருக்கிற வயது அது. குதித்து எப்படி இறங்குவது, ஓடும்போது எப்படித் திரும்புவது என்று அந்த வயதில் உடம்பைப் பழக்க வேண்டும். இதற்கென்றே ஃபிஃபா வகுத்த வார்ம்-அப் முறை ஒன்று இருக்கிறது, இருபது நிமிஷம்தான் ஆகும். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டு, கல்லூரியில் சேர்ந்ததும் ஒரேயடியாக ஆட்டத்தில் இறக்கிவிடுவதுதான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

சரி, பரீட்சை. நீங்கள் மாவட்டக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். உங்கள் மேல் இருக்கிற நெருக்கடி எனக்குப் புரிகிறது. நான் கேட்பது வாரத்தில் இரண்டு மாலை மட்டும். அந்த இரண்டு நாள் நாலரை மணிக்குப் பிள்ளையை விட்டுவிடுங்கள், ஆறு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். அப்புறம், அட்டவணையில் இருக்கிற பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். சின்க்ளேர் போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டேதான் 2002-லும் 2005-லும் தன் அணிக்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற பயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பெற்றோர்தான் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று சில தலைமையாசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். வயசுக்கு வந்த பிள்ளை, வெயிலில் கறுத்துப்போவாள், டிரவுசர் போட்டுக்கொண்டு ஓடுவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் வீட்டில் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அந்த வீடுகளில் தலைமையாசிரியர் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு என் சொல்லுக்கு இல்லை. நான் பத்து தடவை போய்க் கேட்பதும் நீங்கள் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்வதும் ஒன்றாகாது. அம்மாக்களிடம் சுனில் சேத்ரியைப் பற்றிச் சொல்லுங்கள். இந்திய ஆண்கள் அணிக்கு 95 கோல் அடித்தவர். அவருடைய அம்மா சுசீலா நேபாளப் பெண்கள் அணிக்காகக் கால்பந்து ஆடியவர், அம்மாவின் இரட்டைச் சகோதரியும் ஆடியவர். ஒரு பெண் ஆடினால் அந்த ஆட்டம் அவளோடு முடிந்துபோவதில்லை என்பதை நம் அம்மாக்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

அப்பாக்கள் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கடலூர் மாவட்டத்துப் பிள்ளை இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் கட்டாக்கில், பல முறை சாம்பியனான மணிப்பூரையே இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறையும் வாங்கினார்கள். இந்த அணிகளில் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதுரை ஞாபகம்தான் வரும். லீக் பட்டம் வாங்கிய கிளப் நம் ஊரில் இருக்கிறது. அதில் சேருகிற வயது வரை நம் பிள்ளைகள் ஆட்டத்தில் இருந்தால்தானே?

ஒரு பிள்ளையை நிறுத்தினால் அது அவளோடு போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறுவட்டப் போட்டிக்குப் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி அனுப்ப வேண்டுமென்றால், அதில் ஆட வேண்டியவர்களே ஒன்பதும் பத்தும் பதினொன்றும் படிக்கிறவர்கள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை எடுத்துவிட்டால் பதினோரு பேர் தேறாது, அணியே பதிவாகாது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அந்த வருஷம் ஆட்டம் இல்லை. குறுவட்டம் இல்லையென்றால் மாவட்டம் இல்லை, மாநிலம் இல்லை. தேர்வாளர் கண்ணில் படாமலே ஒரு தலைமுறை போய்விடுகிறது.

உங்கள் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தெரியும். பலர் சொந்தக் காசில் பந்து வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, 'இந்த வருஷம் பெண்கள் கால்பந்து அணி உண்டா?' என்று கேளுங்கள். நீங்கள் கேட்டாலே அவர்களுக்குத் தெம்பு வரும். மைதானத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உடை மாற்றிக்கொள்ள, பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் கொடுங்கள். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் வராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இது இல்லாததுதான்.

குறுவட்டப் போட்டிக்கான பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை அடிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், எந்தப் பக்கமானாலும் வருகிறேன். உங்கள் மைதானத்தில் வாரம் இரண்டு மாலை பயிற்சி கொடுக்கவும் தயார், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பெண் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
திருப்பரங்குன்றம்.