தகடான காசுகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ கதைத்துவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. சின்னவன் தங்கச்சியைக் கடித்ததையும் நீ அவனுக்கு ஓர் அடி போட்டதையும் விடு. "நீங்கள் அடித்துத்தானே அம்மா நான் திருந்தினேன்" என்று சிரித்தாயே, அதுதான் உறுத்திக்கொண்டு இருக்கிறது.

நீ சொன்னது அந்த ரயில் பாதை அடியை. உனக்கு அப்போது பத்து வயது. ரியூஷனுக்கு என்று சொல்லிவிட்டுக் கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து, ரயில் ஏறித் தகடாக்கியதை எடுத்துக்கொண்டு இருட்டும் நேரம் வீட்டுக்கு வந்தாய். வாசலிலேயே கையை விரித்து, "அம்மா, இங்க பாருங்க" என்றாய். நான் அடிமட்டத்தை எடுத்தேன்.

ஆசிரியப் பயிற்சியில் தண்டனையைப் பற்றிப் படித்து நல்ல புள்ளியும் எடுத்தவள் நான். 2005இல் கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. படித்தது ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

படித்ததிலும் ஒரே குரல் இல்லை, தம்பி. தோர்ண்டைக் என்ற உளவியலாளர் 1911இல் எழுதிய விதி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான்: இன்பம் தரும் செயல் வலுக்கும், துன்பம் தருவது தேயும். 1930களின் தொடக்கத்தில் ஆட்களை வைத்துச் சோதித்தார். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். 'சரி' என்றால் அதே விடை திரும்ப வந்தது. 'பிழை' என்றதால் மட்டும் அந்த விடை குறையவில்லை. மனுசன் தன் விதியில் பாதியைத் தானே வெட்டிவிட்டார். எத்தனை வாத்திமாருக்கு அந்தத் துணிவு வரும்!

ஸ்கின்னர் என்ற இன்னொரு உளவியலாளர் 1938இல் எழுதிய எலிகளின் கதை இன்னும் வேடிக்கை. நெம்புகோலை அழுத்தி இரை எடுத்துப் பழகியவற்றுக்கு இரையை நிறுத்தினார். சிலவற்றுக்கு மட்டும், தொடக்கத்தில் கொஞ்ச நேரம், அழுத்திய காலில் நெம்புகோல் திருப்பி அடித்தது. உடனே அடங்கிவிட்டன. இரண்டாம் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால் அடிவாங்கியவையும் வாங்காதவையும் ஏறக்குறைய ஒரே அளவு அழுத்தியிருந்தன.

அஸ்ரின், ஹோல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966இல் வேறு கதை சொன்னார்கள். உடனே, ஒவ்வொரு தரமும், எடுத்த எடுப்பிலேயே கடுமையாகக் கொடுத்தால் தண்டனை செயலை நிறுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிப்போகும். (வீட்டில் நாங்கள் செய்வது இரண்டாவதுதானே? முதலில் முறைப்பு, அப்புறம் அதட்டல், அப்புறம் ஒரு தட்டு.) அதே இரைக்கு இன்னொரு வழி திறந்திருந்தால் லேசான தண்டனையே போதும் என்பதும் அவர்கள் எழுதியதுதான். அதை ஒருவரும் நினைவில் வைப்பதில்லை. சின்னவனுக்கு வேண்டியது அந்த வழி. தங்கச்சி அவனுடைய பொம்மையைப் பறித்தால் அவன் "அப்பா" என்று கூப்பிடட்டும். கூப்பிட்டதும் நீ எழும்பிப் போ. போனைப் பார்த்தபடி "பொறு" என்றால் அடுத்தது கடிதான்.

எனக்கு மறக்காதது சொலமன் என்ற ஆய்வாளரின் குழு சோதித்த நாய்க்குட்டிகள், 1968. பிடித்த இறைச்சியைத் தொடப்போன கணமே சிலவற்றைத் தட்டினார்கள்; சிலவற்றை 15 வினாடி தின்னவிட்டுத் தட்டினார்கள். பிறகு ஆள் இல்லாமல் விட்டபோது, முதல் கூட்டம் நாட்கணக்கில் தொடவில்லை. மற்றக் கூட்டம் சீக்கிரமே தின்றது, தின்ற பிறகு பயந்தது. 15 வினாடிக்கே அப்படி. என் அடிமட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்தது. நாய்க்குட்டிக்குப் பாஷை தெரியாது, உனக்குக் காரணம் சொல்லித்தானே அடித்தேன் என்று வாதாடலாம். எங்கே சொன்னேன்? கத்தினேன்.

டின்ஸ்மோர் என்பவர் 1954இல் எழுதினார்: தண்டனை செயலை அழிப்பதில்லை, பயத்தைத் தணிக்கிற வேறொன்றைப் பழக்குகிறது. நீ பழகியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு வாசலில் நீ கையை விரிக்கவே இல்லை. ரியூஷன் எப்படி என்றால் "ஓம், நல்லது." அவ்வளவுதான். பிள்ளை திருந்திவிட்டான் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

நீ வெளிநாடு போன பிறகு உன் மேசையைத் துப்புரவாக்கினேன். கீழ் லாச்சியில் ஒரு பழைய பிலிம் டப்பா, உள்ளே தகடான காசுகள் ஏழு. இத்தனை வருடம் உன்னிடம் கேட்கவில்லை. அன்று நீ காட்டிய காசை நான் ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேனே, நினைவிருக்கிறதா? அப்படியென்றால் இந்த ஏழும் எப்போது, ராசா?

அன்புடன்,
அம்மா