ஏழு பேர் வெளியேறிய இரவை எழுது, மருமகளே

அன்பு மருமகளுக்கு,

உன் இணையக் கட்சியின் வரலாறு என்று நீ எழுதி அனுப்பிய மூன்று பக்கங்களையும் நேற்றிரவு இரண்டு தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படிதான் கேட்டிருந்தாய். பிழைகள் பதினொன்று, ஓரத்தில் குறித்திருக்கிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "கருத்து வேறுபாடு காரணமாகச் சிலர் விலகிக்கொண்டனர்." அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உன்னைப் போல இணையத்தில் கட்சி நடத்திய பிள்ளைகள் வேறு பலரும் இருப்பதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வாசிப்பவர்களுக்காகச் சிறிது விளக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி வீட்டு விறாந்தையில் இருந்தபடி நீ இணையத்தில் ஒரு பாவனை நாட்டின் குடிமகள் ஆனாய். கற்பனை நாடு, ஆனால் அதற்குப் பாராளுமன்றம், சபாநாயகர், சட்டமூலம், இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்தல் எல்லாம் இருந்தன. ஐந்து பேராகக் கட்சி தொடங்கினீர்கள். மூன்று ஆண்டு நடத்தினீர்கள். ஒரு தவணை கூட்டரசாங்கத்திலும் இருந்தீர்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்காமல் என்ன விளையாட்டு என்று அக்கா ஏசியபோது நான் உன் பக்கம் நின்றேன். இன்றும் நிற்கிறேன்.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. 2002இல் மக்ஸ் பாரி என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளர் தன் நாவலுக்கு விளம்பரமாக நேஷன்ஸ்டேட்ஸ் என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். ஆளுக்கொரு நாட்டை அமைத்து, வரும் பிரச்சினைகளுக்கு முடிவெடுப்பதுதான் ஆட்டம். அதில் யாப்பு, அதாவது அரசியலமைப்பு, எழுதவோ கட்சி தொடங்கவோ அவர் யாரையும் கேட்கவில்லை. ஆடியவர்களே தங்கள் தங்கள் பிராந்தியங்களில் அவற்றை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு 2008இல் வந்த ஈரிபப்ளிக் என்ற இணைய ஆட்டத்தில் மாதத்தின் 5ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல், 15ஆம் நாள் கட்சித் தலைவர் தேர்தல், 25ஆம் நாள் காங்கிரஸ் தேர்தல் என்று நாள் குறித்தே நடந்தது. உன் கட்சி அந்த வழியில் வந்தது. ஆகவே அதற்கு வரலாறு எழுத வேண்டும் என்று நீ நினைத்தது சரி.

இனி அந்த வரிக்கு வருகிறேன். முகத்துவாரச் சட்டமூலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் கற்பனை நாட்டுக்கும் ஒரு வாவியைக் கொடுத்து, மாரியில் வெள்ளம் ஏறும்போது வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை எப்போது வெட்டுவது, யார் முடிவெடுப்பது என்று சட்டம் எழுதினாய். வாவிக்கு மேற்கே வயல் செய்யும் படுவான்கரைப் பிள்ளைகள் வயல் மூழ்குமுன் வெட்ட வேண்டும் என்றார்கள். வாவியில் வலை வீசும் குடும்பத்துப் பிள்ளைகள், அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்றார்கள். திரையில் இருந்தது கற்பனை நாடு. ஆனால் அன்றிரவு பேசியவர்கள் தங்கள் அப்பாமாரின் வயலுக்காகவும் தோணிக்காகவும் பேசினார்கள். பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். எந்தப் பிரதேச சபையிலும் அவ்வளவு பொறுப்பான விவாதத்தை நான் கேட்டதில்லை. கட்சிக்குள் வாக்கெடுப்பு 12க்கு 11. விடியுமுன் ஏழு பேர் வெளியேறினார்கள். இத்தனையையும் "கருத்து வேறுபாடு" என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட்டாய்!

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன். உன் அம்மப்பா தமிழரசுக் கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். அந்தக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சி. மூ. இராசமாணிக்கம் பட்டிருப்பில் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்க் குறிப்பெடுத்து, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளில் திகதி போட்டு எழுதி வைத்தார். கிளைக்குள் ஒரு தடவை பெரிய பிரிவு வந்து நான்கு பேர் போனார்கள். அதுவும் கொப்பியில் இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயலில் கூரை போனது, பெட்டி போனது, கொப்பிகளும் போயின. எஞ்சியது ஒன்றே ஒன்று, அதுவும் வரவு செலவுக் கணக்கு. அந்த நால்வரில் ஒருவரின் பிள்ளைகள் இன்றும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவதில்லை. ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் பக்கத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த நாள் திருவிழா என்று வழக்கு வந்தால் பழைய ஏட்டைத்தான் தேடுகிறோம். எங்கள் வீட்டு வழக்குக்கு ஏடு இல்லை.

அம்மப்பாவின் கட்சியே ஒரு பிரிவில் பிறந்ததுதான். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948இல் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1952 தேர்தலில் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். அதை விட்டுவிட்டு, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற தனிச்சிங்களக் குரல் நாடெங்கும் ஒலித்த 1956இல் கிடைத்த பத்து ஆசனங்களை மட்டும் எழுதினால், நான்கு ஆண்டுகளுக்குள் மக்கள் மனம் எப்படி மாறியது என்று யாருக்கு விளங்கும்?

மூன்றாம் பக்கம் பற்றியும் ஒன்று. புதிதாகச் சேர்ந்த இருபது பேர் ஒரே வாரத்தில் தலைமையைப் பிடித்ததைத் துரோகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரவு நீ அழுதது எனக்குத் தெரியும். ஆனால் ஈரிபப்ளிக்கில் இப்படிக் கட்சிகளைக் கைப்பற்றுவது பெயர் சூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருந்தது. உங்கள் யாப்பில் புதிய உறுப்பினர் முப்பது நாள் காத்திருந்த பிறகே வாக்களிக்கலாம் என்ற விதி இருந்ததே? ஏழு பேர் போன பின், எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் அதை எடுத்துவிட்டீர்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது நீ. வரலாற்றில் அது இல்லை.

விதி என்பது சிறிய விடயம் அல்ல. 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸை எடுத்துக்கொள். ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனமே இல்லை என்றிருந்த வெட்டுப்புள்ளி, 1988இல் 15ஆவது திருத்தத்தால் இருபதில் ஒன்றாக இறங்கியது. அதற்காக முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பேரம் பேசியதை அம்பாறையில் இன்றும் சொல்வார்கள். சிறிய கட்சிகளுக்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்தது அந்த ஒரு எண். உங்கள் கட்சிக்குள் வெளியாருக்குக் கதவைத் திறந்ததும் ஒரு எண்தான், முப்பது.

நீங்கள் கூடிப் பேசிய டிஸ்கோர்ட் என்ற அரட்டைத் தளத்தில் உள்ள பதிவுகளை நடத்துநர் இந்த ஆண்டு முடிவில் மூடப்போவதாகச் சொன்னாய். அதற்குமுன் அந்த இரவின் விவாதம் முழுவதையும் பிரதி எடுத்துவிடு. வெளியேறிய ஏழு பேரில் இருவர் வாழைச்சேனையிலும் ஒருவர் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள் அல்லவா? முதலில் அவர்களோடு பேசு. அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுது. பெயர் போட விருப்பமில்லை என்றால் போடாதே.

இன்னொன்று. 12க்கு 11 என்றால் ஒரே வாக்கு. கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியாக வாக்களித்தவர் யார் என்று உன் பக்கங்களில் இல்லை. அது நீதான் என்று எனக்கு ஓர் எண்ணம். அப்படியானால், எந்தப் பக்கம் போட்டாய் என்பதையும், அந்த நேரம் உன் மனதில் என்ன ஓடியது என்பதையும் எழுது.

சனிக்கிழமை பின்னேரம் வருகிறேன். அம்மப்பாவின் அந்த ஒரு கொப்பியையும் கொண்டுவருகிறேன். பின்பக்கங்கள் பத்துப் பன்னிரண்டு வெறுமையாகக் கிடக்கின்றன.

அன்புடன்,
மாமா
கல்லடி