எந்தச் சந்தை, எத்தனை கிலோ பெட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 'சந்தை நிலவரம்' பக்கத்தில் சென்ற வாரம் மூன்று தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. தக்காளி சந்தை விலை சரிவு, மஞ்சள் சந்தையில் ஏற்றம், சந்தையில் முதலீட்டாளர்களுக்குப் பெரும் இழப்பு. சொல் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் அது கமிஷன் மண்டி, மூன்றாவதில் பங்குச் சந்தை. நடுவில் உள்ளது ஏலக் கூடமா, பின்னால் தர வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வர்த்தகமா என்பது செய்தியைக் கடைசி வரி வரை படித்தும் பிடிபடவில்லை. எந்த இடத்து விலை என்று போடாவிட்டால் விற்பவருக்கும் அதனால் பயனில்லை, வாங்குபவருக்கும் இல்லை.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். 'பெட்டி 350 ரூபாய்' என்று போட்டிருந்தீர்கள். ஒட்டன்சத்திரத்தில் பெட்டி என்றால் 14 கிலோ. கர்நாடகத்தின் கோலாரில் 15 கிலோ. முதல் கணக்கில் கிலோ 25 ரூபாய், இரண்டாவதில் 23 ரூபாய் 33 காசு. லாரி நிறைய ஏற்றுகிறவருக்கு இந்த ஒரு ரூபாய் 67 காசு சின்னத் தொகை அல்ல.

சரி, 14 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அந்த 350 ரூபாய் மண்டியில் வியாபாரி கொடுத்த விலை. விவசாயி கைக்கு வந்த பணம் அல்ல. நூற்றுக்குப் பத்து என்று கமிஷன் பிடித்தால் 35 ரூபாய் போகும். வண்டி வாடகை, இறக்குகூலி, பெட்டி வாடகை என்று இன்னொரு 35 ரூபாய் வையுங்கள். மிச்சம் 280, அதாவது கிலோ 20 ரூபாய். மறுபக்கம், அதே பெட்டியை எடுத்துப்போகும் சில்லறைக் கடைக்காரருக்கு வண்டிச் செலவு 20 சேர்ந்து 370 ஆகிறது. நசுங்கியது, அழுகியது என்று ஒரு கிலோ கழிந்தால் விற்க மிஞ்சுவது 13 கிலோ. அடக்கமே இருபத்தெட்டரை ரூபாய். அவர் 36 ரூபாய்க்கு விற்றால் 'கொள்ளை லாபம்' என்று எழுதுவது நியாயமில்லை. கடை வாடகையும் மாலை வரை தேங்கும் சரக்கும் அந்த ஏழரை ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும்.

இதே நாளில் உழவர் சந்தைப் பலகையில் 30 ரூபாய் இருக்கும். அது பேரத்தில் வந்த விலை அல்ல. மதுரையில் 1999 நவம்பர் 14-இல் முதல் உழவர் சந்தை திறந்தபோதிருந்தே உள்ள வழிமுறை இது: மொத்த விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம் என்று பார்த்து அதிகாலையில் அதிகாரிகள் விலை குறிக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் 25-க்கு 20 சதவீதம் சேர்த்தால் 30. 36-இல் 15 சதவீதம் கழித்தால் 30 ரூபாய் 60 காசு. அங்கே தரகும் இல்லை, கடை வாடகையும் இல்லை, தராசும் இலவசம். ஆனால் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியோ அவர் வீட்டாரோ விடியற்காலையில் வந்து உட்கார்ந்து விற்க வேண்டும். அந்த அரை நாள் கூலியை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

ஆக, ஒரே தக்காளிக்கு ஒரே நாளில் 20, 25, 30, 36 என்று நான்கு விலை. நான்குமே சரி. நீங்கள் போட்டது எது?

மஞ்சளுக்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் ஒரே கூரையின் கீழ் விற்பதில்லை. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், ஈரோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம், கோபி கூட்டுறவுச் சங்கம் என நான்கு இடம், நான்கிலும் தனித்தனி ஏலம். இங்கே கூவி ஏலம் விடுவதில்லை, மறைமுக ஏலம்தான். குவியலுக்கு எண் போட்டு மாதிரி வைப்பார்கள். வியாபாரி விரலி (விரல் போல நீண்ட கிளைக் கிழங்கு) ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் உலோகம் தட்டியது போல ஓசை வந்து 'டக்'கென்று முறியும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம். முறிந்த இடத்தில் நிறம் ஒரே சீராக இல்லாவிட்டால் வேகவைத்ததில் கோளாறு. பிறகு குவிண்டாலுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார். இப்போது இணையவழியிலும் பதிகிறார்கள். நேரம் முடிந்ததும் பிரித்துப் பார்த்து ஒவ்வொரு குவியலுக்கும் எது அதிகமோ அதை அறிவிப்பார்கள். பிடிக்காவிட்டால் விவசாயி 'கொடுக்கவில்லை' என்று சொல்லிவிடலாம்.

பிழை இதன் பிறகுதான் நடக்கிறது. அன்று ஒரே ஒரு குவியல், அதுவும் நாலைந்து மூட்டை, பளபளவென்று இருந்து உச்ச விலைக்குப் போயிருக்கும். மறுநாள் தலைப்பு அந்த விலைதான். அதை நம்பி, கிழங்கும் (உருண்டையான தாய்க் கிழங்கு) விரலியும் கலந்த சரக்கை ஏற்றிவருபவர் ஏமாந்துபோகிறார். விரலிக்கும் கிழங்குக்கும் விலை தனி, புதுசுக்கும் பழசுக்கும் தனி. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு விலையும் இருக்கும்: அன்று அதிகமாகக் கைமாறிய விலை. வாசகருக்கு வேண்டியது அந்த மூன்றாவது எண். நீங்கள் போடாமல் விட்டுவிடுவதும் அதைத்தான்.

இன்னொரு குழப்பம் என்சிடெக்ஸ் என்ற விளைபொருள் முன்பேரச் சந்தை. அங்கே நடக்கும் மஞ்சள் முன்பேர வர்த்தகத்துக்கு அடிப்படை தெலங்கானாவின் நிஜாமாபாத் சரக்கு. ஒரு ஒப்பந்தம் 5 டன். விலை இன்றைய சரக்குக்கு அல்ல, சில வாரமோ மாதமோ கழித்து முடியும் ஒப்பந்தத்துக்கு. முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை, முன்பணம் போதும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒரு கிலோ மஞ்சள்கூட நகராமல், விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கி நேர்செய்யப்பட்டுவிடும். அங்கே இரண்டு சதவீதம் இறங்கினால் ஈரோட்டு வியாபாரி மறுநாள் கையை இறுக்குவார் என்பது உண்மை. அதற்காக இரண்டையும் ஒரே வரியில் 'மஞ்சள் சந்தை' என்று எழுதலாமா?

நெல்லுக்கு நீங்கள் கொடுத்தது சந்தை விலையே இல்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விலையை அரசு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டால் சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஈரப்பதம். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், அரசு வரம்பைத் தளர்த்தாதவரை எடுக்கவே மாட்டார்கள். மழைக்காலத்தில் களம் முழுக்க நெல் குவிந்து கிடப்பது அதனால்தான்.

மாட்டுச் சந்தையில் நிலைமை நேர் எதிர். பொள்ளாச்சியிலோ ஈரோடு கருங்கல்பாளையத்திலோ தரகர் துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். பிடித்த விரல் நூறா ஆயிரமா என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரியும். பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. எனவே 'மாடு 40 ஆயிரம் முதல் 60 ஆயிரம் வரை' என்று எழுதும்போது அது விசாரித்த விலை என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது.

கடைசியாக, மூன்றாவது தலைப்பில் வந்த அந்த 'இழப்பு'. ஒரு கம்பெனிக்கு 100 கோடி பங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று கைமாறியது 50 லட்சம். விலை 10 ரூபாய் இறங்கியது. உடனே 100 கோடியை 10-ஆல் பெருக்கி 1,000 கோடி இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பெட்டியில் சும்மா கிடந்த தொண்ணூற்று ஒன்பதரை கோடிப் பங்குகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மறுநாள் விலை ஏறினால் 'லாபம்' என்று இதே அளவு கொட்டை எழுத்தில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

சொல்லை மாற்றச் சொல்லவில்லை. வாரம் ஒருநாள் கூடுவது சந்தை, கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பது மண்டி, சரக்கு வந்து இறங்குவது பேட்டை, இப்போது அங்காடி என்றால் பலருக்கு ரேஷன் கடை என்று தமிழில் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். பழைய மதுரையில் பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று நேரத்தைக்கூடப் பெயரிலேயே சொன்னார்கள். உங்கள் பட்டியலில் அவ்வளவு வேண்டாம். இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: "தக்காளி, முதல் ரகம், ஒட்டன்சத்திரம் மண்டி, செவ்வாய் காலை, 14 கிலோ பெட்டி, அதிகம் விற்ற விலை 350, கமிஷன் கழிக்காதது."

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.