சாகாத டிஸ்க்தான் தொல்லை

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் மிகுந்த சந்தோஷம். என் முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை, மற்றபடி குறையில்லை.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டி, ஒன்று போனாலும் தகவலைக் காக்கும் உன் ரெய்டு 5 அமைப்பு ஒரு டிஸ்க்கை வெளியே தள்ளிவிட்டது, கழற்றிச் சோதித்தால் அது நன்றாகவே ஓடுகிறது, லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம்பலாம். டிஸ்க் ஒரேயடியாகச் செத்துவிட்டால் ரெய்டு அதைச் சுலபமாகச் சமாளிக்கும். சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க்தான் தொல்லை.

சாதாரண டிஸ்க் தனியாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு செக்டரை, அதாவது தகவல் இருக்கும் ஒரு சிறு துண்டை, படிக்க முடியாவிட்டால் விடாப்பிடியாக முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக்கணக்கில். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாகப் பொறுப்பது 30 விநாடி. அப்புறம் ரீசெட் செய்து பார்க்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் டிஸ்க் வெளியே. அந்த டிஸ்க் "முடியவில்லை" என்று சட்டென்று கைவிரித்திருந்தால், ரெய்டு மற்ற டிஸ்க்குகளைப் படித்து அந்தத் தகவலைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதியிருக்கும். தேவைப்பட்டால் டிஸ்க்கும் அதற்கு மாற்று செக்டர் ஒதுக்கியிருக்கும். உனக்கு விஷயமே தெரிந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, டிஸ்க்கோடு பேசும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொண்டு, படிக்க வராத செக்டரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம் என்று வரம்பு வைக்கும் ஈஆர்சி என்ற அமைப்பை 70 ஆக வை. அது விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது 7 விநாடி. பல டிஸ்க்குகள் மின்சாரம் போனால் இதை மறந்துவிடும்; ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி ஸ்கிரிப்ட் போடு. அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால், கெர்னலின் டைம்அவுட்டை 180 விநாடியாக உயர்த்து. காத்திருக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் டிஸ்க் வீணாக வெளியேறாது.

அடுத்தது மாதாந்திரச் சோதனை. வருடக்கணக்கில் யாரும் திறக்காத ஃபைலுக்கு அடியில் செக்டர் கெட்டுக் கிடக்கும். ரெய்டு 5-இல் வேறொரு டிஸ்க் போய், புதியதை வைத்து, அதில் தகவலைத் திரும்ப நிரப்பும் ரீபில்டு ஓடும்போதுதான் அது தலைகாட்டும். அப்போது கணக்கிட்டு மீட்க வழியில்லை. டெபியன் லினக்ஸ் தானாகவே மாதத்தின் முதல் ஞாயிறன்று முழு அரேயையும், அதாவது ரெய்டில் சேர்ந்த டிஸ்க்குகள் அனைத்தையும், படித்துப் பார்க்கும். உன் சிஸ்டத்தில் அது நடக்கிறதா என்று பார். சோதனையில் டேட்டாவும், மீட்பதற்காகக் கணக்கிட்டு வைத்த பேரிட்டியும் பொருந்தாத இடங்கள் இருப்பதாக எண்ணிக்கை வந்தால் அவசரப்பட்டு ரிப்பேர் கொடுக்காதே. தப்பு டேட்டாவிலா பேரிட்டியிலா என்று ரெய்டு 5-க்குத் தெரியாது. பேரிட்டியைத்தான் மாற்றி எழுதும். டிஸ்க் பெரியது என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்குத்தான் நான் போவேன்.

தள்ளாடும் டிஸ்க்கை முதலில் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் பழக்கத்தை விடு. புதியதை ஸ்பேராகச் சேர்த்து ரீப்ளேஸ் கட்டளை கொடு. 2012-இல் வந்த 3.3 கெர்னல் முதல் ரெய்டு 5-க்கு இந்த வசதி உண்டு. பழையது உள்ளே இருக்கும்போதே நகலெடுக்கும். படிக்க வராத இடத்தை மட்டும் மற்றவற்றிலிருந்து கணக்கிடும். கழற்றும்போது சீரியல் எண்ணைப் பார்த்துக் கழற்று, எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம்.

இன்னொன்று: அரே எழவில்லை என்றால், எங்கேயோ படித்தேன் என்று அரேயைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளையை மட்டும் ஓட்டிவிடாதே. எனக்கு எழுது, பார்த்துக்கொள்ளலாம். பேக்கப் இருக்கிறதா என்று நீ சொல்லவே இல்லை. இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வெளியேறிய அந்த டிஸ்க் ஈஆர்சி கட்டளைக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து எழுது. அதற்குமுன் அதை அரேயில் சேர்க்காதே.

அன்புடன்,
ரவி