கதவை மூடியும் ஃப்ளைட் நகரலைன்னா அது பைலட் கையில இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு செய்தி படிச்சேன். கதவை மூடின பிறகும் முக்கால் மணி நேரம் ஃப்ளைட் நின்ன இடத்துலயே நின்னுச்சு, பயணிகள் பைலட்டோட வாக்குவாதம்னு போட்டிருந்தீங்க. பயணிங்க கோவத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், கைக்குழந்தைய மடியில வச்சுகிட்டு உள்ள உக்காந்திருந்தவங்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஆனா அந்த ஃப்ளைட்ட நிறுத்தி வச்சது யாரு, எதுக்காகன்னு செய்தியில ஒரு வரி கூட இல்ல. நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல 19 வருஷம் புஷ்பேக் ஹெட்செட் வேலை பாத்தவன், அதனால மனசு கேக்காம எழுதுறேன்.

பே-ல, அதாவது பயணிங்க ஏறுற இடத்துல, நிக்கிற ஃப்ளைட்ட மூக்குப் பக்க சக்கரத்துல டோ பார்னு ஒரு இரும்புக் கம்பிய மாட்டி டிராக்டர் வச்சுதான் பின்னால தள்ளுவாங்க, அதுக்குப் பேருதான் புஷ்பேக். அப்போ கீழ ஒருத்தர் காதுல ஹெட்செட் போட்டுகிட்டு, அந்த ஒயரை ஃப்ளைட்ல சொருகி பைலட்டோட பேசிகிட்டே கூட நடந்து வருவாரு பாருங்க, அதுதான் என் வேலை. "பிரேக் ரிலீஸ்டு"ன்னு பைலட் சொல்லாம டிராக்டர் ஒரு அடி நகரக் கூடாது. அந்த பைலட்டுக்கும் கன்ட்ரோலர், அதாவது ஃப்ளைட் போக்குவரத்த ரேடியோவுல கட்டுப்படுத்துறவர், ஓகே சொல்லணும். முதல்ல டெலிவரின்னு ஒரு ஃப்ரீக்வென்சில போற ரூட்டு, ஏற வேண்டிய உயரம் எல்லாம் வாங்கிக்கணும், அப்புறம் தரையில நகர்றத பாத்துக்குற கிரவுண்ட் கன்ட்ரோலரை கூப்பிட்டு புஷ்பேக் கேக்கணும், எந்த டாக்ஸிவே (ரன்வேக்கு போற பாதை) வழியா எந்த ரன்வேக்குன்னு அவங்கதான் சொல்லுவாங்க, கடைசியா ரன்வே பக்கத்துல போனதும் டேக்ஆஃப்புக்கு ஓகே சொல்ற டவர். இதுல ஒரு இடத்துல "ஸ்டேண்ட்பை"ன்னு வந்தா அவ்ளோதான், பைலட் எவ்ளோ சீனியரா இருந்தாலும் காத்துகிட்டுதான் இருக்கணும்.

ரன்வேயை முடிவு பண்றது பெரும்பாலும் காத்துதான். எதிர்க்காத்துல ஓடினாதான் குறைஞ்ச தூரத்துல மேல கிளம்ப முடியும். சென்னை மெயின் ரன்வே ஒண்ணுதான், ஆனா ரெண்டு முனைக்கும் ரெண்டு பேரு, கிழக்கு பாத்து ஓடினா 07, மேற்கு பாத்து ஓடினா 25. மே, ஜூன் மாசத்துல காலையில மேல்காத்து அடிக்கும், எல்லாரும் 25-ல போவாங்க. மதியம் கடல்காத்து உள்ள வந்துச்சுன்னா எல்லாம் தலைகீழ், 07-க்கு மாத்தணும், வரிசையில நின்ன ஃப்ளைட்டெல்லாம் இன்னொரு முனைக்கு போகணும், பைலட்டுங்க டேக்ஆஃப் கணக்கை மறுபடி போடணும், இறங்க வர்றவங்களையும் சுத்தி விட்டு அந்தப் பக்கமா கொண்டு வரணும். வெளிய வெயில் பளிச்சுன்னு அடிக்கும், உள்ள இருக்குறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. அதோட பெரிய ஃப்ளைட் ஒண்ணு ஏறிப் போனா அதோட றெக்கையில இருந்து வர்ற சுழல்காத்து அடங்க பின்னால வர்ற சின்ன ஃப்ளைட் ரெண்டு நிமிஷம் நிக்கணும், அதுவே ரெண்டு மாடி ஏ380-யா இருந்தா மூணு நிமிஷம். இப்படி ரெண்டு ரெண்டு நிமிஷமா சேர்ந்துதான் முக்கால் மணி நேரம் ஆகுது.

பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்காவுல சார்லட்ங்கிற ஊருக்கு போயிருந்தப்போ அங்க எப்படி பண்றாங்கன்னு ஆர்வமா விசாரிச்சு தெரிஞ்சுகிட்டேன். அங்க கேட்ல இருந்து தள்ளி விடுறதுக்கு ஓகே சொல்றது அரசாங்க கன்ட்ரோலர் இல்ல, ராம்ப் டவர்னு தனியா ஒண்ணு இருக்கு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆளுங்கதான் அதுல உக்காந்து பாத்துக்குறாங்க. எந்த கேட்டு எப்போ காலியாகும், எந்த ஃப்ளைட்டுக்கு கனெக்‌ஷன் பயணிங்க இன்னும் ஓடி வந்துகிட்டிருக்காங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். தரையில ஸ்பாட்னு நம்பர் போட்டு எழுதியிருக்கும், அது வரைக்கும் ராம்ப் ஆளுங்க பொறுப்பு, அந்த ஸ்பாட்டுக்கு வந்ததும் பைலட் ஃப்ரீக்வென்சி மாத்தி அரசாங்க கிரவுண்ட் கன்ட்ரோலரை கூப்பிடணும். எந்த ரன்வேன்னு சொல்ற அதிகாரம் அரசாங்க டவருக்குத்தான், ஆனா கிழக்க போறது கிழக்குப் பக்க ரன்வேக்கு, மேற்க போறது நடு ரன்வேக்குன்னு முன்கூட்டியே மனசுல வச்சு ராம்ப் ஆளுங்க தள்ளி விட்டா ஸ்பாட்டுலயே வரிசை ஒழுங்கா அமைஞ்சிடும்.

2017-ல அந்த ஏர்போர்ட்லதான் நாசா ஒரு சோதனை ஆரம்பிச்சுது. ரன்வே எப்போ காலியாகும்னு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு, இந்த ஃப்ளைட்ட இத்தனை நிமிஷம் கேட்லயே வைன்னு ராம்ப் கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல காட்டும். ஏ320 மாதிரி ஒண்ணு ரெண்டு இன்ஜினையும் ஓட விட்டு வரிசையில நின்னா நிமிஷத்துக்கு 10 கிலோவுக்கு மேல எரிபொருள் போகும், கேட்ல நின்னா அதுல சின்ன பங்குதான். இதனால அந்த ஒரு ஏர்போர்ட்ல மட்டும் வருஷத்துக்கு 2,75,000 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) எரிபொருள் மிச்சமாகும்னு கணக்கு சொல்லி, சார்லட்டையும் சேத்து 27 ஏர்போர்ட்டுக்கு கொண்டு போறதா 2021-ல அறிவிச்சாங்க. நம்ம நாட்டுலயும் பெரிய ஏர்போர்ட்டுகள்ல ஸ்டார்ட்அப்புக்கு, அதாவது இன்ஜின் போடுறதுக்கு, டைம் குடுத்து நிறுத்தி வைக்கிற முறை வந்தாச்சு. அதாவது உங்க செய்தியில வந்த மாதிரி நிக்கிறது பல நேரம் வேணும்னே நல்லதுக்காக நிறுத்தி வைக்கிறது, ரன்வே முனையில போய் இன்ஜின் ஓட்டிகிட்டு நிக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

அவசரப்பட்டா என்ன ஆகும்னும் சொல்லணும். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்கு சொந்தமான டெனரீஃப் தீவு, பனிமூட்டம். டேக்ஆஃப் அனுமதி கிடைச்சிடுச்சுன்னு நினைச்சு ஒரு ஜம்போ ஃப்ளைட் ஓட ஆரம்பிச்சுது, ரன்வேயில இன்னொரு ஜம்போ இருந்துச்சு, 583 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் நிஜமா டேக்ஆஃப் அனுமதி குடுக்குற, இல்ல அத ரத்து பண்ற நேரம் தவிர வேற எப்பவும் அந்த "டேக்ஆஃப்"ங்கிற வார்த்தையையே சொல்றதில்ல, மத்த நேரமெல்லாம் "டிபார்ச்சர்"னுதான் பேசுவாங்க. ரன்வே நம்பரை பைலட் திருப்பிச் சொல்லணும், கன்ட்ரோலர் அத காதுல வாங்கி சரி பாக்கணும். குடுத்த ரன்வே என் வெயிட்டுக்கு பத்தாதுன்னா "அனேபிள்"னு (என்னால முடியாதுன்னு) சொல்ல பைலட்டுக்கு உரிமை இருக்கு, வேற கேட்டு வாங்கலாம், அதுக்கும் நேரமாகும்.

ஒரு ஐப்பசி ராத்திரி, கொட்டுற மழை. புஷ்பேக்குக்கு ஓகே வந்துடுச்சு, தள்ள ஆரம்பிச்சோம், றெக்கை ஓரமா நடந்த பையன் திடீர்னு ரெண்டு டார்ச்சையும் குறுக்க பிடிச்சான். பின்னால இன்னொரு ஃப்ளைட்ட இழுத்துகிட்டு போயிட்டிருந்தாங்க, மழையில எனக்கு தெரியவே இல்ல. நான் ஹெட்செட்ல "ஸ்டாப் புஷ்"னு கத்துனேன், டிராக்டர் நின்னுச்சு. நடுவுல இடைவெளி பத்தடி கூட இருந்திருக்காது. மறுபடி கிரவுண்டை கேட்டு கிளம்ப 25 நிமிஷம் ஆச்சு. உள்ள இருந்த 180 பேருக்கும் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியாது, ஃப்ளைட் லேட்டு, அவ்ளோதான் அவங்க ஞாபகத்துல இருக்கும்.

எனக்கு ரெண்டு வேண்டுகோள். ஏர்லைன்ஸ்காரங்க கன்ட்ரோலர் குடுத்த நேரத்தை அப்படியே பயணிங்ககிட்ட சொல்லணும், "ஏர் டிராஃபிக் கஞ்செஷன்"னு இங்கிலீஷ்ல வேகமா சொல்லிட்டு மைக்கை வச்சுடாம, கடல்காத்து மாறிடுச்சு, ரன்வே மாத்துறாங்க, நமக்கு 4.40-க்கு டைம் குடுத்திருக்காங்கன்னு தமிழ்ல சொன்னா பாதி சண்டை வராது. அடுத்து உங்க நிருபர்கள், அடுத்த தடவை இப்படி செய்தி வந்தா பயணியோட பேட்டியோட நிறுத்தாம, எத்தனை மணிக்கு புஷ்பேக் கேட்டாங்க, எத்தனை மணிக்கு குடுத்தாங்கன்னு ஏர்போர்ட் அத்தாரிட்டிகிட்ட கேட்டு அந்த ரெண்டு நேரத்தையும் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான நிலைய ஊழியர்,
பல்லாவரம்